நாலு பாட்டில் ஜெர்மனி, ஒரு ஊதல்

நம் ஆட்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது ஊறுகாய் பாட்டிலைப் பனியனுக்குள் சுருட்டிப் பெட்டியின் நடுவில் பதுக்குவார்கள். அந்த ஜெர்மன்காரர் பீர் பாட்டிலை அப்படித்தான் கொண்டுவந்திருந்தார். கம்பளிக் காலுறைக்குள் இரண்டு, ஸ்வெட்டருக்குள் இரண்டு. தலா அரை லிட்டர். விமான நிலையத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் விடுவார்கள். மனிதர் கச்சிதமாக இரண்டு லிட்டரோடு இறங்கியிருந்தார். எல்லாம் அவர் ஊரில் அவருடைய மச்சான் நடத்தும் குட்டி ஆலையில் காய்ச்சியது. மொத்தமே மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள், அதில் ஒருத்தி என் அக்கா என்று பெருமையாகச் சொன்னார்.

அவர் எங்கள் தொழிற்சாலைக்குப் புது பெயின்ட் லைன் நிறுவ வந்தவர். நான் அங்கே சேஃப்டி ஆபீசர். வந்த முதல் வாரமே, இடுப்பில் பெல்ட் மாட்டாமல் உயரத்தில் ஏறினார் என்று அவர் வேலையை அரை நாள் நிறுத்திவைத்தேன். வேறு யாராவது என்றால் என்மேல் புகார் எழுதியிருப்பார்கள். இவரோ, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு வீட்டுக்கு வா, பீர் ருசி பார்க்கலாம் என்றார்.

ஒரகடத்தில் ஒன்பதாவது மாடி. பால்கனியில் நின்றால் வெயிலில் வரிசையாகக் காயும் புதுக் கார்களும், எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகளும் தெரியும். உள்ளே, அவருக்காகக் கம்பெனி அமர்த்திய காரின் டிரைவர் வேர்க்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தார். வடக்குப்பட்டுக்காரர், ஜெர்மன்காரர் இதற்குமுன் இந்தியா வந்த இரண்டு தடவையும் இந்தச் சடங்கைப் பார்த்தவர்.

“சார், கிளாஸ எட்த்தவொடனே கவுத்துடாதீங்க. மொதல்ல நொரைய பாக்கணும். அப்பால மோந்து பாக்கணும். அதுக்கப்புறந்தான் வாய்ல வெக்கணும். இல்லன்னா மன்ஷன் மூஞ்சி தொங்கிப்பூடும்.”

“நீ குடிச்சிருக்கியா?”

“நான் வண்டி ஓட்றவன் சார். மோந்து பாக்கறதோட சரி. கண்ண மூடிகினு நாலையும் இன்னா இன்னான்னு சொல்லிடுவேன்.”

எங்கள் பக்கத்தில் பீர் என்றால் குளிர்ச்சி, அவ்வளவுதான். கடையில் நாங்கள் கேட்கிற ஒரே கேள்வி ‘கூலிங் இருக்கா’ என்பது. சூடாவதற்குள் குடித்து முடிக்க வேண்டும் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்த கலை. ஜெர்மன்காரரோ பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, கொஞ்சம் ஆறட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டு, மச்சானின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கால் ஆடத் தொடங்கியது.

முதலாவது ஹெல்லஸ். வெளுத்த பொன் நிறம். ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றினார். மருந்து குடிக்கிற அளவு. மோந்து பார்த்தேன். மேரி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்ததும் வருமே, அந்த வாசனை. அதைச் சொன்னதும் அவர் ஒரு சிறு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மச்சானுக்கு அனுப்புவாராம். எனக்கு உடனே தலைக்கனம் ஏறிவிட்டது. ஒரு ஆலையின் எதிர்காலம் என் மூக்கில் இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது கோதுமை பீர். கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கல். வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்து அடித்தன. பழம் போட்டிருக்கிறார்களா என்று கேட்டதும் அவர் முகம், டிரைவர் எச்சரித்தபடியே, தொங்கியது. ஒரு பழமும் இல்லை, எல்லாம் அந்த ஈஸ்ட் செய்கிற வேலை என்றார். சமாளிக்க, “பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து ரஸ்தாளி சாப்பிடுவதுபோல் இருக்கிறது” என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். நடுவில் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும், ரொட்டி ஒரு துண்டு மெல்ல வேண்டும். காரம் கூடாது. கடலையிலும் உப்பு கூடாது. உப்பில்லாத கடலையை நான் அதற்குமுன் ஆஸ்பத்திரியில்தான் தின்றிருக்கிறேன்.

மூன்றாவது டுங்கெல். கறுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு. ரொட்டியின் கருகிய ஓரமும், அடிபிடித்த அல்வாவைச் சுரண்டித் தின்பதும் சேர்ந்த ருசி. இதுவரை நான் பேச்சுக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மூன்றாவதில் வாய் தானாக மூடிக்கொண்டது. இவ்வளவு வருடம் குளிர்ச்சியை மட்டும் விழுங்கிவந்திருக்கிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

நாலாவது புகை பீர். தானியத்தை விறகுப் புகையில் காயவைத்துச் செய்வது. மூக்கருகே கொண்டுபோனதும் என் கண் தானாக வாசல் பக்கம் போயிற்று. இருபது வருட சேஃப்டி பழக்கம். “நெத்திலிக் கருவாடு சுட்ட கை மாதிரி அடிக்குதுல்ல சார்?” என்றார் டிரைவர் பின்னாலிருந்து. அதேதான். முதல் வாய்க்கு ஐயோ என்றிருந்தது, இரண்டாவது வாய்க்குப் பரவாயில்லை என்றிருந்தது, மூன்றாவது வாய்க்குப் போவதற்குள் போன் அடித்தது.

எங்கள் கேட்டின் செக்யூரிட்டிக்காரர்.

“வணக்கம் சார். செகண்ட் ஷிப்ட்டு கேட்டுக்கு நீங்கதானே வர்றீங்க? மிஷினுக்கு பேட்டரி மாத்திட்டேன்.”

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமைய்யா.”

“ஞாயிறுதான் சார். வியாழக்கெழம கரன்ட் ஷட்டவுனுக்கு லீவு உட்டோமே, அதுக்கு ஈடா இன்னிக்கு வேலை. சர்க்குலர்ல உங்க கையெழுத்துதான் சார் கீது.”

இந்தப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரக்கூடிய வியாதி இது. ஞாயிறு எந்தக் கிழமைக்கு வரும் என்று மின்வாரியமும் கம்பெனியும் பேசி முடிவு செய்யும். வியாழன் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன். ஆனால் உடம்பு அதைக் கணக்கில் வைக்கவில்லை.

மிஷின் என்றால் ஊதுகிற மிஷின். ஷிப்டுக்குள் நுழையுமுன் எல்லோரும் அதில் ஊத வேண்டும். பச்சை என்றால் உள்ளே, சிவப்பு என்றால் வீட்டுக்கு. அதைக் கொண்டுவந்தவன் நான். ஆரம்பத்தில், “ஆபீசருங்க மட்டும் ஊத மாட்டாங்களா?” என்று சத்தம் வந்தபோது, வீராப்பாக, “நான் நிற்கிற ஷிப்டில் முதல் ஊதல் என்னுடையது” என்று அறிவித்துவிட்டேன். அது பிறகு வழக்கமாகி, வேடிக்கையாகி, இப்போது செகண்ட் ஷிப்டின் முன்னூறு பேரும் நான் ஊதுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுத்தான் வரிசையில் நிற்பார்கள். ஆபீசர் மாட்டினால் மெமோ கிடையாது, நேராக விசாரணை, அநேகமாக வேலை காலி. அந்த வரியையும் நானேதான் டைப் அடித்தேன். தடித்த எழுத்தில்.

மணி பதினொன்றேகால். இரண்டு மணிக்கு நான் கேட்டில் நிற்க வேண்டும். ஐம்பத்தொரு வயதில் இன்னொரு வேலை யார் தருவார்கள்? வயிற்றுவலி என்று லீவு போடலாம். மனதுக்குள் ஏழு தடவை போட்டேன். ஆனால் எனக்கு மாற்றாக நிற்கும் ஆளுக்கு லீவு கொடுத்ததும் நான்தான்.

ஜெர்மன்காரர் பதறவில்லை. என் எடை எவ்வளவு என்று கேட்டார். அதே நோட்டில் ஒரு கோடு போட்டு, குடித்த அளவு, எடை, மணி என்று என்னவோ பெருக்கி வகுத்து, நாலும் சேர்ந்து ஒரு கிளாஸ்தான், இரண்டு மணிக்குள் உன் உடம்பில் ஒன்றும் இருக்காது என்று தாளைக் கிழித்துக் கொடுத்தார். அந்தத் தாளை நம்பியிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

டிரைவர் என்னைச் சிங்கப்பெருமாள் கோவிலில் என் வீட்டில் இறக்கிவிட்டார். கேன்டீன் சுவரில் நான் ஒட்டிய போஸ்டர் ஒன்று உண்டு: வெங்காயம், கொய்யா இலை, மோர், இளநீர் எதுவும் மிஷினை ஏமாற்றாது. அந்தப் போஸ்டரை வரிசைப்படி தின்றேன்.

“என்னங்க, ஆடு மாதிரி எலைய மெல்றீங்க?” என்றாள் மனைவி.

சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

“ஊரையே ஊத வெச்சீங்களே. எங்க, என் மேல ஊதுங்க பாப்போம்.”

ஊதினேன்.

“சீ, ஒரே வெங்காயம். பீரெல்லாம் ஓடிப்போயிருக்கும்.”

அவள் மூக்கையும் நம்பவில்லை. போகிற வழியில் மெடிக்கலில் பச்சை நிறத்தில் ஒரு மவுத்வாஷ் வாங்கி, கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரம்கட்டி, அரை பாட்டிலைக் கொப்பளித்துத் துப்பினேன். வாய் ஊட்டிபோல் ஆகிவிட்டது. முதல்முறையாகத் தைரியம் வந்தது.

முன்னூறு பேர். கைதட்டல். ஊதினேன்.

மிஷின் கீச்சென்று கத்தியது. சிவப்பு.

கைதட்டல் பாதியில் நின்றது. செக்யூரிட்டிக்காரர் கட்டைவிரலால் திரையை மறைத்துக்கொண்டு, “மிஷின் மக்கர் பண்ணுது சார். ஊதனா மாரி பண்ணிட்டு உள்ள போங்க, நான் பாத்துக்கறேன்” என்று உதடு அசையாமல் சொன்னார். போயிருப்பேன். நல்லவன் வேஷம் போட விரும்பவில்லை. கால் ஓர் அடி எடுத்தும் வைத்தது. ஆனால் வரிசையின் முதல் ஆள் திரையைப் பார்த்துவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். போன வருடம் இதே இடத்தில் சிவப்பு காட்டி, “இருமல் மருந்து சார்” என்று சொல்லி, நான் சிரித்துவிட்டு மெமோ கொடுத்து அனுப்பியவர்.

“மிஷின் நல்லாத்தான் இருக்கு. காலையில பீர் குடிச்சேன்,” என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. குரல் எலிக்குஞ்சுபோல் வந்தது.

“இன்னா பீரு சார்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஜெர்மன்.”

“எங்களுக்கு கேன்டீன்ல மோரு. சாருக்கு ஜெர்மன்!”

கேட்டே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் சேராமல் ஃபோர்க்லிஃப்ட்காரர் என் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்தார்.

“எப்ப குடிச்சீங்க?”

“பதினொரு மணி. ஒரு கிளாஸ்.”

“வாய்ல இன்னா அடிக்குது? மவுத்வாஷா? அதுலயே சரக்கு கீது சார். யாராவது அத்தப் போட்டுகினு வந்து ஊதுவாங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். “ரூல்ல பதினஞ்சு நிமிஷம் உக்காந்து மறுபடி ஊதலாம்னு போட்டுகீதே. நீங்க எழுதனதுதானே?”

செக்யூரிட்டி அறையிலிருந்து பிளாஸ்டிக் சேரை அவரே தூக்கிவந்து போட்டார். உட்கார்ந்தேன். அந்தப் பதினைந்து நிமிடம் முன்னூறு பேருக்கு முன்னால் நான் சேரில் உட்கார்ந்திருந்ததை யாரோ போனில் படம் எடுத்தார்கள். டுங்கெல்லின் ருசி நினைவுக்கு வந்தது. வேலை போனால் அந்த மூன்றாவது கிளாஸுக்காகப் போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடம் அதை வாபஸ் வாங்கினேன்.

இரண்டாவது தடவை ஊதினேன். கண்ணை மூடியிருந்ததால் சத்தம்தான் முதலில் தெரிந்தது. சத்தமே இல்லை. பச்சை.

விசில் அடித்தார்கள். போன வருடம் அந்த மனிதருக்கு இந்தப் பதினைந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. பஸ் லேட், ஷிப்ட் தொடங்கிவிட்டது, என் அவசரம். எழுந்து அவர் முன்னால் நின்றேன்.

“அன்னிக்கு உங்களையும் இப்படி உக்கார வெச்சு மறுபடி ஊதச் சொல்லியிருக்கணும். மருந்துன்னு சொன்னீங்க, நான் கேக்கல. தப்பு என்னுது. அந்த மெமோவை எடுக்கச் சொல்லி இன்னிக்கே எழுதறேன்.”

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“எழுதாதீங்க சார். மெய்யாலுமே அன்னிக்கு குடிச்சிட்டுதான் வந்தேன். மச்சினன் கல்யாணம். இருமலும் இல்ல, மருந்தும் இல்ல.”

சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனாவை மறுபடி செருகினேன்.

“ஆனாலும் ஒரு சேர் போட்டிருக்கலாமில்ல சார்?”

“போட்டிருக்கலாம்,” என்றேன்.

மிஷினை அவரிடம் நீட்டினேன். ஊதிவிட்டு உள்ளே போனார். அடுத்தவர் வந்தார்.