ஏழாம் எண்

ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அவருடைய குரல் மட்டும் போதுமா?

திமோர் நாட்டின் திலி துறைமுகத்தில் அதாவுரோ தீவுப் படகுக்குச் சீட்டுக் கொடுக்கும் சுல்மிரா அமராலோடு பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது வந்திருக்கும். பின்னறையிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் அவள் ஏன் என்று கேட்கமாட்டாள். எதிரில் போய் நிற்க வேண்டும். நின்றால் முகமெல்லாம் சிரிப்பு.

"காது அடைச்சுப்போச்சா மானா?" என்பான் மூட்டை தூக்குகிறவன். அக்காவை அங்கே மானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உனக்குக் கால் இல்லையா? வந்து கேளு."

காதில் கோளாறு இல்லை. படகின் எஞ்சின் சத்தம் மாறினால் முதலில் தலைதூக்குகிறவள் அவள்தான்.

ஜாவாவில், சலாதிகா ஊரில் படித்த காலத்தில் அவள் இப்படி இல்லை. விடிகாலையில் ஒரு சலவைக்கடையில் துணி தேய்த்துவிட்டு வகுப்புக்கு ஓடுவாள். பெரும்பாலும் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டாள். பேராசிரியர் தலை நிமிராமல் பெயர் வாசிப்பார். அவள் பெயர் வரும்போது, அதே திமோரிலிருந்து வந்த அபெலினோ குரலை மெல்லியதாக்கிக்கொண்டு "உள்ளேன்" என்பான். ஒரு வருஷம் முழுக்க ப்ராக்ஸி கொடுத்தான்; ஒருநாள்கூடப் பிடிபடவில்லை.

இரண்டாம் வருஷம் மலையேறும் மாணவர் சங்கத்தில் இருவரும் சேர்ந்தார்கள். இரவு முழுக்க மெர்பாபு மலை ஏறி, உச்சியில் சூரியனைப் பார்க்க வேண்டும். தலைவன் வாஸ்கிதோ, எல்லோருக்கும் மாஸ் வாஸ்கிதோ, அதாவது அண்ணன். மலையடிவாரத்து வீட்டில் சோற்றுப்பொட்டலம் பிரிக்கும்போதே சொல்லிவிட்டான்.

"இருட்டுல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. நம்பர்தான். இருட்டுல உன் பேர் கேட்டா வாயைத் திறக்காதே. இந்த ஊர்க்காரங்க அப்படித்தான் சொல்றாங்க."

"நீங்க நம்புறீங்களா மாஸ்?" என்றான் அபெலினோ.

"நான் நம்புறது குளிரை. போன வருஷம் ஒரு பையன் இங்க உட்கார்ந்து தூங்கினான். எந்திரிக்கல."

சுல்மிராவுக்கு ஏழாம் எண். பின்னால் எட்டு, அபெலினோ. அவனுக்குப் பின்னால் வரவேண்டிய அனுபவசாலி வயிற்றுவலி என்று அடிவாரத்திலேயே படுத்துவிட்டான்.

காடு முடிந்து புல்வெளி வந்ததும் காற்று அறைந்தது. பனிமூட்டத்தில் முன்னால் போகிறவனின் முதுகுப்பை மட்டும் தெரிந்தது. சரிவு செங்குத்தாகி, கையால் பிடித்து ஏற வேண்டியிருந்தது. சுல்மிரா இரண்டு முறை பின்தங்கினாள். இரண்டாம் முறை வாஸ்கிதோ இறங்கி வந்தான்.

"இன்னொரு தடவை லேட்டானா உன்னைக் கீழே அனுப்பிடுவேன். உன் ஒருத்தியால எல்லாரும் நின்னு விறைக்கணுமா?"

கொஞ்ச தூரத்தில் அவளுடைய வாடகைப் பூட்ஸின் அடித்தோல் வாயைப் பிளந்தது. பாதையோரப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நீ போ தம்பி. கயிறு சுத்திட்டு இதோ வரேன்."

"சீக்கிரம் மானா."

விரல்கள் மரத்துப்போய் முடிச்சு விழவில்லை. வாயில் கவ்வியிருந்த டார்ச் மங்கி அணைந்தது. மேலே வாஸ்கிதோவின் குரல் எண்ணத் தொடங்கியது. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தன்னுடைய முறை வரும்போது கத்தினால் போதும், நின்றுவிடுவார்கள் என்று மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ஆறு."

"ஏழு."

அவள் சொல்லவில்லை. மேலிருந்து ஒரு பெண் குரல், மெல்லியது, சொன்னது. அடுத்தது "எட்டு". பிறகு காலடிகள் நகர்ந்தன.

வகுப்பில் தன் பெயருக்கு அபெலினோ கொடுத்த குரலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க அவள் அங்கே இருந்ததில்லையே. தன் இடத்தில் எதுவோ நடந்துபோகிறது என்றுதான் அந்த இருட்டில் அவளுக்குத் தோன்றியது.

"ஏழு!" என்று கத்தினாள். காற்று அதை வாயிலேயே திருப்பி அடைத்தது. தவழ்ந்து ஏறிப் பார்த்தாள். பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஒரு கல் உருண்டு, விழுந்து சேர்ந்த சத்தமே கேட்கவில்லை. பாறையிடுக்குக்கே திரும்பி மழைக்கோட்டைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து, வெகு உயரத்தில், மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அந்தக் குரல் சொன்னது. "ஏழு."

இனி யாரும் தேட மாட்டார்கள். கணக்கு சரியாக இருக்கிறது.

தூங்கிவிடக்கூடாது என்று பனைவெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு "ஏழு, ஏழு" என்று முனகிக்கொண்டிருந்தாள். பல் தந்தியடிக்க, அவள் குரலும் மெலிந்துபோயிற்று. மேலே கேட்டதைப் போலவே ஆகிவிட்டது. சொல்கிறது தானா அதுவா என்று பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை.

இருள் கலையுமுன் யாரோ சறுக்கிச் சறுக்கி இறங்கிவரும் சத்தம்.

"மானா! மானா சுல்மிரா! எங்க இருக்கே?"

பெயர். இருட்டில், பெயர். உடம்பில் இருந்த கொஞ்சச் சூடும் வடிந்தது. குரல் பக்கத்தில் வந்தது, கெஞ்சியது, அழுதது, பாறையைத் தாண்டிக் கீழே போய்விட்டது. அவள் மழைக்கோட்டுக்குள் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பின்னாலேயே வந்த வாஸ்கிதோ கூப்பிடவில்லை. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் கையை விட்டுத் துழாவினான். கை அவள் முகத்தில் பட்டது.

"இருக்கா! அபெலினோ, மேலே வா, இங்க இருக்கா!"

அபெலினோ மேலேறி வந்து அவள் காலடியில் விழுந்தான்.

"உன்னைக் கீழே அனுப்பிடுவாரேன்னு ஏழுன்னு நான்தான் சொன்னேன் மானா. பழக்கத்துல வந்துடுச்சு. கீழே ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது. நீதான்னு நினைச்சேன். அது வேற கூட்டம் மானா."

"முதல் தடவை பழக்கம், சரி. ரெண்டாவது தடவை?" என்றான் வாஸ்கிதோ.

"முதல்ல சொன்னதுக்கு அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

வாஸ்கிதோ அவனை அடிக்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றினான்.

மற்றவர்களும் வந்து சேர, வெயில் ஏறிய பிறகு இறங்கினார்கள். யாரும் உச்சியைப் பற்றிப் பேசவில்லை. புல்வெளி முடியும் இடத்தில் வாஸ்கிதோ நிறுத்தி எண்ணச் சொன்னான். ஆறு வரை வந்தது. சுல்மிரா சொல்லவில்லை.

"ஆறு," என்றார்கள் மறுபடி.

பட்டப்பகல். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அபெலினோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். வாஸ்கிதோ வரிசை நெடுக நடந்து வந்து, அவள் முகத்தைப் பார்த்து, தோளில் கை வைத்து, "ஏழு" என்றான்.

அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அவன் நடந்துதான் வர வேண்டியிருந்தது.

அடிவாரத்து வீட்டில் சுடச்சுட இஞ்சித்தண்ணீர் கொடுத்தார்கள். "இன்னொரு டம்ளர் குடுங்க," என்று தெளிவாகக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பஸ்ஸில் அபெலினோ மெதுவாகக் கேட்டான். "கோவமா மானா?"

"கோவம் என்ன கோவம்," என்று பொரித்த தெம்பே என்ற சோயா அடையில் பாதியைப் பிட்டு அவன் கையில் வைத்தாள்.

"அப்போ ஏன் நம்பர் சொல்லல?"

அவள் மீதிப் பாதியைத் தின்றபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கட்கிழமை சலவைக்கடைக்குப் போகாமல் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பேராசிரியர் அவள் பெயரை வாசித்தார். அவள் பேசாமல் இருந்தாள். மறுபடி வாசித்துவிட்டு, அந்த வருஷத்தில் முதல்முறையாக, அவர் தலை நிமிர்ந்தார்.