ராத்தாவிடம் நீட்டிய பை

உயிர்த்த ஞாயிறன்று இலங்கையின் கிறிஸ்தவக் கோயில்களில் குண்டு வெடித்த பிறகு வந்த முதல் திருவிழா அது. மாத்தளைப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் வாசலில், பெண்களின் பைகளைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு.

நாவுலயிலிருந்து பரீனா ராத்தா வந்தார். பத்து வருடமாக எனக்குச் சட்டை தைக்கும் முஸ்லிம் அக்கா. எங்கள் திருவிழாச் சாப்பாட்டுக்கு வட்டிலப்பம் என்ற இனிப்பு இல்லாமல் அவர் வந்ததே இல்லை. அன்று அவருடைய பையை மேசையில் கவிழ்த்தேன். வட்டிலப்பச் சட்டியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தேன். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அதற்குள் எங்கள் பாடகர் குழு அக்கா பெரிய பையோடு வந்தார். நான் தலையசைத்ததும் உள்ளே போய்விட்டார்.

"என்னையப் பாத்தது சரி தங்கச்சி, பாக்கத்தான் வேணும்," என்றார் ராத்தா. "அந்தப் பெரிய பைய ஏன் பாக்கல்ல?"

"அவங்க நம்ம ஆள், ராத்தா."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ராத்தா கோபப்படவில்லை. "நானும்தானே உள்ள இருக்கப் போறேன்? எனக்கும் பயம் இருக்கு. எல்லாரையும் பாருங்க."

அக்காவைத் திருப்பிக் கூப்பிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே பையைத் திறந்தார். எல்லாம் பாட்டுப் புத்தகங்கள்.

காலையிலிருந்து என் கைப்பையை யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதை ராத்தாவிடம் நீட்டினேன். அடிவரை துழாவிய அவர், ஒரு டொஃபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப நீங்க உள்ள போகலாம்," என்று சிரித்தார்.

இன்றும் திருவிழா வாசலில் நிற்கிறேன். முதலில் திறந்து வைப்பது என் பையைத்தான்.