கம்பியத் தொடாமலே கூவுற பெடல்

எங்கிட்ட ஒரு ஃபிளாஞ்சர் பெடல் இருக்கு. கிதார் வாசிக்காதவங்களுக்கு அது என்னன்னு முதல்லயே சொல்லிரணும், இல்லன்னா நான் பட்ட பாடு வெளங்காது. உள்ளங்கை அகலத்துல ஒரு இரும்புப் பெட்டி, அம்புட்டுத்தான். கிதார்லருந்து வர்ற வயர் ஒரு பக்கமா நுழைஞ்சு இன்னொரு பக்கமா ஸ்பீக்கருக்குப் போகும். கால்ல மிதிச்சா வேலை செய்யும், திரும்ப மிதிச்சா நிக்கும். நாம வாசிக்கிற சத்தத்த அது ரெண்டாப் பிரிச்சு, ஒண்ண மட்டும் துளி நேரம் பிந்தவிட்டு, மறுபடி ஒண்ணாச் சேக்கும். அந்தப் பிந்துற நேரம் கூடிக் குறையிறப்ப சத்தம் மேலயும் கீழயுமா வழுக்கிக்கிட்டுப் போகும். தலைக்கு மேல ஏரோப்பிளேன் போற மாதிரி இருக்கும்னு கடையில சொன்னாங்க. நானும் வாயப் பொளந்துக்கிட்டு வாங்கிட்டு வந்தேன்.

மேல நாலு குமிழு. ரேட்டு, சத்தம் வழுக்குற வேகத்துக்கு. டெப்த்து, எம்புட்டு தூரம் வழுக்கணுங்கிறதுக்கு. மேனுவல்னு ஒண்ணு, எந்த எடத்துல நின்னு வழுக்கணும்னு காட்டுறதுக்கு. இந்த மூணும் சாதுவானதுக. நாலாவது ரெசொனன்ஸ், அதுதான் வில்லங்கம். வெளிய போற சத்தத்துல கொஞ்சத்தப் பிடிச்சு மறுபடி உள்ளயே விடும். கால்வாசி திருப்பினா கிதாருக்கு ஒரு மினுமினுப்பு வரும், கீர்த்தனைக்கே எடுப்பா இருக்கும். முக்கால் திருப்பினா தகர டின்னுக்குள்ள வாசிக்கிற மாதிரி. முழுசாத் திருப்பிட்டா கம்பியத் தொடவே வேண்டாம். அனலாக் பெடலுக்கு உள்ளயே ஒரு இரைச்சல் உண்டு, அதத் தானே தின்னுட்டுத் தானே கூவ ஆரம்பிச்சிரும்.

நான் சிவகாசியில ஒரு ஆப்செட் பிரஸ்ஸுல டிசைனரு. காலண்டர் சீசன் முடிஞ்சா பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால ஈ ஓட்டுற பொழப்பு. வீடு எம். புதுப்பட்டிக்குப் போற ரோட்டுல ஒரு ஊர்ல. ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சு பாடகர் குழுவுக்கு நான்தான் கிதார். எம் பொண்டாட்டி கல்யாணத்துக்கு முன்னால பட்டாசுக் கம்பெனிக்குப் போனவ. கல்யாணம் முடிஞ்சதும் அந்த வேலை வேண்டாம்னு நான்தான் நிறுத்தினேன். அத ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடிச்சிருக்கேன். பிள்ள பொறந்து ஒரு வருசம் கழிச்சு, பெட்டி ஒட்டுற யூனிட்டுக்குப் போறேன்னு சொன்னா. பெட்டி ஒட்டுறதுதானன்னு நானும் விட்டுட்டேன். காலையில வேன் வரும், ஏறிப் போவா. சாயங்காலம் குளிச்சு வேற சேலையில வந்து இறங்குவா. அங்கன பசை வாடை தாங்க முடியலன்னு சொன்னா, நானும் தலையாட்டினேன்.

பெடல் வாங்கின புதுசுல வீட்டுல சின்ன ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தேன். மூணு குமிழு வரைக்கும் அவ ஒண்ணும் சொல்லல, அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. நாலாவதத் திருப்பினதும் அப்படியே நின்னுட்டா.

"ஏங்க, அத மட்டும் தொடாதீக."

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இல்ல. வேண்டாம்னா விடுங்களேன்."

எனக்குச் சுருக்குன்னு வந்திருச்சு. பாட்டப் பத்தி ஒனக்கு என்னத்தத் தெரியும்னு கேட்டேன். அவ திரும்பி அரிசி களைய ஆரம்பிச்சா. அன்னையிலருந்து ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் திருப்பிப் பாப்பேன். எங்க வீட்டுல ரசனை எனக்கு மட்டுந்தான்னு ஒரு திமிரு வேற.

எங்க சர்ச்சுல அசனம்னு ஒண்ணு உண்டு. வருசத்துக்கு ஒருக்க, சர்ச்சு வாசல்ல பந்தல் போட்டு, பெரிய பெரிய வட்டாவுல சோறு பொங்கி, ஊர் முழுக்க உக்காந்து சாப்பிடுறது. பெடல் வாங்கின வருசம் சாப்பாடு முடிஞ்சு சாயங்காலம் பாட்டு வச்சிருந்தாங்க. வெளிச்சம் இன்னும் போகல. பாயி விரிச்சு பொம்பளைக எல்லாம் முன்னால உக்காந்திருந்தாக. எம் பொண்டாட்டி எப்பவும் போல ஓரத்துல, பந்தல் தொறப்புக்குப் பக்கத்துல. அவ மடியில எம் மக தூங்கிக்கிட்டு இருந்தா, பால்வாடிக்குப் போற வயசு.

கடைசிப் பாட்டு. பின்னால நின்ன இளவட்டங்க எல்லாம் செல்போன நோண்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஏலே, இப்பப் பாருங்கலேன்னு குனிஞ்சு ரெசொனன்ஸ முழுசாத் திருப்பிட்டேன். வீட்டுல அந்த எடத்துல வச்சா சின்னதா ஒரு விசில் வரும், அவ்வளவுதான். பந்தல்ல ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் நிக்குதே, அது கூட்டுமேங்கிற யோசனை இந்த மண்டையில ஏறல. வாசிக்கிற வரைக்கும் கிதார் சத்தத்துக்குள்ள அது அமுங்கிக் கெடந்துச்சு. பாட்டு முடிஞ்சது. எங்க சர்ச்சுப் போதகர் ஐயரு மைக்கப் பிடிச்சு, ஜெபம் பண்ணுவோம்னாரு. எல்லாரும் கண்ண மூடுனாங்க. நானும் கம்பி மேல கைய வச்சு அமுக்கிட்டுக் கண்ண மூடுனேன். பெடல மிதிச்சு நிறுத்தல.

முதல்ல ஸ்ஸ்ஸ்னு மெதுவாத்தான் வந்துச்சு. அப்புறம் ரெண்டு ஸ்பீக்கர்லயும் சுர்ர்ர்ருன்னு ஏறுச்சு.

எங்க பக்கத்துல அது என்ன சத்தம்னு யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. பட்டாசு மருந்து தீப்பிடிக்கிற சத்தம். கண்ணத் தொறந்து பாத்தேன். கூட்டம் ரெண்டு மாதிரி ஆச்சு. பாதிப் பேரு ஆத்தாடின்னு கத்திக்கிட்டு எங்கன எங்கனன்னு திரும்பிப் பாத்தாக, பிள்ளைகளப் பிடிச்சாக. இன்னொரு கூட்டம் கத்தவும் இல்ல, பாக்கவும் இல்ல. உக்காந்த எடத்துலருந்து எந்திரிச்சு, வாய மூடிக்கிட்டு, வெட்டவெளியப் பாத்து ஓடுச்சு. மருந்து ரூம்ல வேலை பாக்குறவங்க ஓட்டம் அது. அந்த ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் வச்சிருக்கிறதே அதுக்குத்தான். சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காத, எதையும் எடுக்காத, ஓடுன்னு முத நாளே சொல்லிருவாங்க. திரும்பிப் பாத்தவன் வெளிய வந்ததில்லன்னும் சொல்லுவாங்க.

எம் பொண்டாட்டி அந்தக் கூட்டத்துல ஓடுனா. எல்லாருக்கும் முன்னால ஓடுனா. மடியில கெடந்த பிள்ள பாயில உருண்டு வீறிட்டு அழுதா. அவ திரும்பல.

நான் பெடல மிதிச்சேன். சத்தம் நின்னுச்சு. அறிவுகெட்ட பயலே, எந்த ஊர்ல இருந்துக்கிட்டு என்ன சத்தம் விடுறன்னு ஒருத்தரு கை ஓங்கிக்கிட்டு வந்தாரு. அடிச்சிருக்கலாம், வாங்கியிருப்பேன். பிள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், தரிசுக் காட்டுக்குள்ள, செருப்பு இல்லாம நின்னுக்கிட்டு இருந்தா. என்னையப் பாக்கல. பிள்ளயோட தலையத் தடவுனா, கையத் தடவுனா, கால அமுக்கிப் பாத்தா.

"எம் மடியிலதான இருந்தா?"

"ஆமா."

"மடியிலதான இருந்தா?"

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கழிச்சு, எந்த ரூம்னு கேட்டேன். மருந்து ரூம்தான், பெட்டி ஒட்டுறதுல ஒண்ணும் மிஞ்சாது, ஒங்களுக்கும் சீசன் இல்லாதப்ப வேலை இல்லன்னு சொன்னா. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டாளேன்னு ஒரு நிமிசம் கோபம் வந்துச்சு. அது நிக்கல. ஏன்னா அவ எங்க மறைச்சா? நகக்கண்ணுல வெள்ளையா மினுங்கிக்கிட்டு இருக்கும். கேட்டதுக்கு, பெட்டிக்கு ஒட்டுற ஜிகினான்னு சொன்னா. பிரஸ்ஸுல சோறு திங்கிறவன் நான், ஜிகினா எது, பட்டாசு மருந்துல கலக்குற அலுமினியப் பவுடர் எதுன்னு எனக்கா தெரியாது? தெரியும். தெரிஞ்சா நிறுத்தச் சொல்லணும். நிறுத்தினா அந்தச் சம்பளத்துக்கு நான் வழி பண்ணணும். அதனால ஜிகினான்னே நம்பிக்கிட்டேன்.

இனிமே போகாதன்னு அன்னைக்குச் சொல்லத்தான் செஞ்சேன். "சரி, போகல. அப்புறம் என்ன செய்வீக?"ன்னு கேட்டா. குத்திக் காட்டல, நெசமாவே கேட்டா. மறுநாள் வேன் வந்துச்சு, ஏறிப் போனா. இன்னைக்கும் போறா.

ஒளிச்சு வச்சதப் பத்தி அவளுக்கு வருத்தமே இல்ல. பிள்ளய விட்டுட்டு ஓடுனது மட்டுந்தான் அவள அரிச்சுக்கிட்டு இருக்கு. ஒம் மேல தப்பே இல்ல, கால் தானா ஓடுனது, எல்லாத்துக்கும் நாந்தான் காரணம்னு எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். கேட்டுக்கிடுவா.

போன மாசம் விருதுநகர்ல ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துல உக்காந்ததும் பிள்ள அவ மடிக்குத் தாவுனா. அவ பிள்ளயத் தூக்கி, ஒரு முத்தங் கொடுத்து, எம் மடியில வச்சா.

"நீங்களே வச்சுக்கிடுங்க"ன்னா. "நீங்கன்னா ஓட மாட்டீக."