சுண்ணாம்புக் கோடும் ஒரு வசவும்

விறகு அடுக்கின் மேல் குறுக்காக இழுத்த ஒரு சுண்ணாம்புக் கோடு. பேமானி என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் வந்து நிற்கும். எங்கள் மாடியில் குடியிருக்கும் பையன் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவன். போன வாரம் படியில் நின்றபடி போனில், "டேய் பேமானி, சாப்டியாடா?" என்று யாரையோ கேட்டான். குரலில் அவ்வளவு பிரியம். அப்படியென்றால் என்னப்பா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல பாட்டி, சும்மா ஃப்ரெண்டக் கூப்பிடறதுதான்" என்றான். சும்மாவாம்! அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதர் பிழைப்பையே இழக்கப் பார்த்த கதை இவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஐம்பதுகளில் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் என் கணவர் வாத்தியார். செங்கல்பட்டில் ரயில் சத்தத்தில் வளர்ந்த என்னைக் கொண்டுவந்து கால்வாய்க் கரையில் குடிவைத்தார். பின்வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு விறகுத் தொட்டி. சவுக்குக் கட்டைகளை அங்கே ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்துப் படகில் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். தொட்டிக்காரரை ஊரே பாய் என்றுதான் சொல்லும். ஒவ்வொரு அடுக்கின் மேலும் தென்னை நாரைச் சுண்ணாம்புப் பாலில் தோய்த்து ஒரு கோடு இழுத்துவிடுவார். நடுவில் ஒரு கட்டையை உருவினாலும் கோடு கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். பூட்டும் சாவியும் அவருக்கு அதுதான்.

அவருடைய சரக்கை ஏற்றிப் போகிற படகுக்காரர் ஒருவர் இருந்தார். விறகோடு போய், திரும்பும்போது பட்டணத்துப் பேச்சை ஏற்றிக்கொண்டு வருவார். பேஜாரு, நாஸ்தா எல்லாம் எங்கள் கரையில் இறங்கியது அந்தப் படகிலிருந்துதான். அவருக்கு வாயில் சர்க்கரையாக இனித்தது பேமானி. படகை இழுக்கும் கயிறு அறுந்தால் கயிறு பேமானி. சோற்றில் வாய் வைத்த ஆடு பேமானி. பாசம் பொங்கிவிட்டால் கூலியாட்கள் எல்லாருமே பேமானி. பாய் மட்டும் முகம் சுளிப்பார். "ஈமான்னா நம்பிக்கை. அது இல்லாதவன், நம்புனவன் கழுத்த அறுக்கறவன்தான் பேமானி. ஆட்டப் போயி அப்படிச் சொல்றியே அண்ணாத்த!" படகுக்காரர் சிரித்துக்கொண்டே, "அந்த வெசமெல்லாம் வர்ற வயியிலேயே கால்வாத் தண்ணில கரஞ்சி பூட்ச்சி பாய்" என்பார். எனக்கும் அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. பழகின செருப்பு கடிக்குமா?

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. நான் பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டியவள். திருக்கழுக்குன்றம் சாலையில் வெள்ளம் வந்து பஸ் நின்றுவிட்டது; வயிற்றில் இருந்ததற்கோ பொறுமையில்லை. வீட்டு விறகெல்லாம் ஈரம். அடுப்பு புகைகிறதே தவிர எரிகிற வழியைக் காணோம். வெந்நீர் எங்கே என்று மருத்துவச்சி கத்துகிறாள். அப்போது பாயின் மனைவி பின்வேலிக்கு வந்து நின்றார். முக்காடு நனைந்து சொட்டுகிறது. மடியில் காய்ந்த சவுக்குத் துண்டுகள். வேலியோரமாகத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்த அடுக்கிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தார். மழை விடுகிறவரை தினமும் கொடுத்தார். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. குடுத்தத வாயால சொன்னா அது குடுத்ததாவாது" என்றார். நானும் சரியென்றேன். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது அவர் பிடிவாதம். அந்த இடக்கையில் புருஷனும் சேர்த்திதான்.

மழை விட்டதும் பாய் தார்ப்பாயை விலக்கினார். கோடு துண்டு துண்டாகக் கிடந்தது. படகு ஓடாத அந்த நாட்களில் தொட்டிக் கொட்டகையில் படுத்திருந்தவர் படகுக்காரர் ஒருவர்தான். பாய் சத்தம் போடவில்லை. கூலியாட்கள் எதிரே அவரை ஏற இறங்கப் பார்த்து, "பேமானி" என்று மட்டும் சொன்னாராம். நாள் முழுக்க அந்தச் சொல்லை வாரி இறைத்த மனிதர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகை அவிழ்த்துப் போய்விட்டாராம். படகுக்காரனுக்குக் கைமுதல் என்பது அவன் பெயர்தான். ஆளை நம்பித்தான் சரக்கைப் படகில் ஏற்றுவார்கள். பெயர் கெட்டால் கால்வாய் நெடுக எந்தத் துறையிலும் அவனுக்கு ஒரு சுள்ளிகூடக் கிடைக்காது.

உள்ளறையில் படுத்திருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. தீட்டுக் கழிந்தபின் பிள்ளையைப் பார்க்கக் கற்கண்டோடு வந்த பாய், என் கணவரிடம் மனம் நொந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், ஒரு குடும்பத்தின் சோறு ஒரு பக்கம். வாக்கு கிடக்கட்டும் என்று கதவுக்குப் பின்னால் இருந்தே சொல்லிவிட்டேன்: "அந்த வெறகு எங்க வீட்டு அடுப்புலதான் எரிஞ்சுது பாய். உங்க வீட்டம்மாதான் குடுத்தாங்க." பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கற்கண்டுப் பொட்டலத்தைக் கொடுக்கவும் மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

சில நாள் கழித்து அந்தப் படகு வந்தது, காலியாக. எங்கள் துறையில் நிற்காமல் நகர்ந்தது. நான் பிள்ளையோடு ஜன்னலில் நின்றிருந்தேன். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைச் சேற்றில் படகோடு கூடவே ஓடினார். "அண்ணாத்த, என் வூட்லதான் எடுத்துக் குடுத்துக்கீறாங்க. நீ இல்ல பேமானி. கூடவே இருந்தவன நம்பாம போனேன் பாரு, நான்தான் பேமானி!" கூலியாட்கள் எல்லாரும் கேட்கத்தான் அப்படிக் கத்தினார். படகுக்காரர் திரும்பவே இல்லை. பாய் வழுக்கினார், எழுந்தார், மறுபடியும் ஓடினார். கடைசியில் படகுக்காரர் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். "இன்னாத்துக்கு இப்டிக் கத்திகினு வர்ற? ஏறு பேமானி, சேத்துல வுயுந்து தொலைக்கப் போற" என்று கையை நீட்டினார். அந்தச் சொல்லைக் கேட்டு எப்போதும் முகம் சுளிக்கிற பாய், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

நேற்று மாடிப் பையனைத் தேடி அவன் நண்பன் வந்தான். மேலிருந்து, "வாடா பேமானி" என்ற குரல் கேட்டது. வந்தவன் சிரித்துக்கொண்டே படியேறினான். அது அவர்கள் சொல். இன்னும் யாரையும் கடிக்கவில்லை, கடிக்காமலே இருக்கட்டும்.

அன்று அந்த மழைக்காலம் முடிந்து அடுத்த சரக்கு அடுக்கியபோது பாய் வழக்கம்போலச் சுண்ணாம்புச் சட்டியோடு வந்தார். வரிசையாகக் கோடு இழுத்துக்கொண்டே எங்கள் வேலியோரத்து அடுக்குக்கு வந்தவர், ஒரு கணம் நின்று, நாரைச் சட்டியிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நாங்கள் மாற்றலாகி அந்த ஊரை விடும்வரை அந்த அடுக்கின் மேல் கோடு விழவே இல்லை.