தட்டை வயலின் உயரம்

என் வீட்டுக்காரர் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மலையேறி வந்தவர். வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில் எங்கள் கொல்லிமலையில் அப்படிப் படித்தவர்கள் அபூர்வம். அதை அவரும் மறக்கமாட்டார், எங்களையும் மறக்கவிடமாட்டார். பலாப்பழத்தைப் பிளந்தால்கூட அதில் ஒரு கணக்குப் பாடம் இருக்கும். எனக்குச் சுளை கைக்கு வந்தால் போதும்.

மாமனார் போன பிறகு பள்ளத்து நெல்வயலைப் பங்கு வைக்க வேண்டியிருந்தது. அண்ணன், தம்பி இரண்டே பேர். வயலோ மூன்று மூலை. ஒரு பக்கம் முழுக்க ஓடை. எதிர்மூலையில் ஒரு பலாமரம், அதுவும் நடுவில் நிற்காமல் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கும். மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இவர் ஓடைக்கரையின் சரிபாதியில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து பலாமரத்துக்குக் கயிறு கட்டினார். ஒரு துண்டு கொழுக்கென்று உட்கார்ந்திருந்தது. இன்னொன்று ஒல்லியாய் நீண்டு சாய்ந்து கிடந்தது.

என் கொழுந்தனுக்கு முகம் சுருங்கியது. "ரெண்டும் எப்படிங்கண்ணா ஒண்ணாகும்?"

"அடியில பாதிய உயரத்தால பெருக்கு. ரெண்டுக்கும் அடி சமம், உயரம் ஒண்ணுதான். முடிஞ்சுது" என்றார் இவர், வாத்தியார் குரலில்.

எங்கள் மலையில் அடி என்றால் தண்ணீர் தங்கும் கீழ்வயல். உயரம் என்றால் சாமை விளையும் மேட்டுக்காடு. தண்ணீர் நிற்கும் தட்டை வயலில் உயரம் எங்கிருந்து வந்தது? அண்ணன் ஏதோ புத்தக வார்த்தையைப் போட்டு, அடியைத் தான் வைத்துக்கொண்டு உயரத்தைத் தம்பி தலையில் கட்டப் பார்க்கிறார் என்று கொழுந்தன் நினைத்துவிட்டான். "உயரத்த நீங்களே வெச்சுக்கங்க" என்று நடையைக் கட்டினான்.

கல்யாணமாகித் தனி வீடு போன பிறகும் காலைக் களிக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். அது நின்றுபோனது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அதைவிட அவன் வராததுதான் எனக்குக் கவலை. இவரோ அடுப்புச் சாம்பலைப் பரப்பி முக்கோணம் போட்டுப் பார்த்து, "கணக்கு சரியாத்தான் இருக்குது" என்றார்.

"அந்த உயரம்னா என்னதானுங்க?" என்றேன்.

"பலாமரத்துல இருந்து ஓடைக்குப் போற கிட்டத்து வழி."

"அப்பத் தூரம்னு சொல்ல வேண்டியதுதானுங்களே! உயரத்துல ஏறி நின்னுதான் பேசோணுமா?"

கொழுந்தனிடம் போய் அதையே சொன்னேன். பாதி நம்பினான். பங்கைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், முதலில் நட்டுவிடுவோம் என்று கூட்டிவந்தேன். நாற்றை ஒரே அளவு முடிகளாகக் கட்டி, ஒரே நெருக்கத்தில் இரண்டு துண்டிலும் நட்டோம். கொழுத்த துண்டுக்கு எத்தனை முடி பிடித்ததோ, ஒல்லித் துண்டுக்கும் அத்தனையே பிடித்தது. கொழுந்தன் சேற்றில் நின்றபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

இவர் வரப்பில் நின்று மீசையைத் தடவினார். "நாந்தான் சொன்னேனே. எதை எடுத்தாலும் ஒண்ணுதான். எடு சாமி."

அவன் கொழுத்த துண்டைக் காட்டினான்.

இவர் கை மீசையிலேயே நின்றுவிட்டது. பிறகு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். கொழுந்தனும் பின்னாலேயே வந்தான்.

"ரெண்டும் ஒண்ணுன்னா மூஞ்சி ஏனுங்க தொங்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான். ஆனா அதுதான் பார்க்க வயலாட்டம் இருக்குது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"உயரம் ஒண்ணுதானுங்களேண்ணா!" என்று கொழுந்தன் வெடித்துச் சிரித்தான். சிரித்தபடியே அடுப்படியில் தன் பழைய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, களி போடுங்க."