எழுதாமல் விட்ட பலகை

எங்கள் கலைக்கல்லூரி வாசலில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி ஒரு கரும்பலகை இருந்தது. மாணவர் பேரவையின் செய்திப் பலகை. இரண்டாம் ஆண்டு முழுவதும் அதில் எழுதியவள் நான். காலையில் ஒருமுறை எழுதுவேன். மதியம் அதை அழித்துவிட்டு, ஆசிரியர் அறை வானொலியில் கேட்டதையும் கல்லூரிச் செய்திகளையும் சேர்த்துப் புதிதாக எழுதுவேன். டெல்லியில் யார் ராஜினாமா, வலைப்பந்தில் யார் ஜெயித்தார்கள், எல்லாம் ஒரே பலகையில்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அந்தக் கையெழுத்தின் மீது எனக்குக் கர்வம் இருந்தது, இன்றும் இருக்கிறது. வாசலில் நிற்கும் பேருந்துகளின் கண்டக்டர்கள் படியிலிருந்தே குனிந்து படிப்பார்கள். மாலைப் பத்திரிகை வருவதற்கு முன்பே என் வரிகள் பெருங்களத்தூருக்கும் பல்லாவரத்துக்கும் போய்விடும். அப்பா தாம்பரம் ஸ்டேஷனில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். படிக்கத் தெரியாது. ஆனாலும் சவாரி ஏறுகிறவர்களிடம், "காலேஜ் போர்டு எழுதறது நம்ம பொண்ணு" என்று சொல்லிவிடுவார். என் காதால் கேட்காததை பலகையில் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் முதலமைச்சர் மருத்துவமனையில் இருந்தார். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி தூக்கியே வியாபாரம் செய்தார்கள். "எதுனா ஆச்சுன்னா மொதல்ல வண்டியத்தான் கொளுத்துவானுங்க" என்று அப்பா தினமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அம்மா, தங்கைகள் இருவர் என எங்கள் ஐந்து பேருக்கும் சோறு போட்டது அந்த ஒரு வண்டி.

அன்று மதியம் பலகையை அழித்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனால், கரண்ட் இல்லை. வானொலி ஊமையாகக் கிடந்தது. வாசலுக்குத் திரும்பியபோது விடுதிப் பையன்கள் சிலர் பலகையருகே நின்றார்கள்.

"சிஸ்டர், மேட்டர் தெரியுமா? போய்ட்டாராம். எழுதிடுங்க, ஒரு வாரம் லீவு."

"யார் சொன்னா?"

"கேன்டீன்ல பேசிக்கிறாங்க."

"அப்ப கேன்டீன் சுவத்துல எழுதிக்கோ."

சிரித்தார்கள். கரண்ட் வந்ததும் எழுதலாம் என்று சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் சாலையில் பேருந்தே இல்லை. எதிர் டீக்கடை சாத்தியிருந்தது. வெளியே விட்டுப்போன பாய்லரிலிருந்து மட்டும் புகை வந்தது. வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சுண்ணா?"

"ஒரு கண்டக்டர் போர்டைப் பாத்தாரும்மா. காலியா இருந்துச்சா? 'பாவம், எழுதக்கூட கை வரல போல'ன்னு சொல்லி விசில் அடிச்சிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் வந்த பஸ்ஸு நிக்கவே இல்ல."

நான் ஓடிப்போய், எனக்குத் தெரிந்ததை எழுத ஆரம்பித்தேன். நாளை மாலை வலைப்பந்து இறுதிப் போட்டி. அந்த வரியை முடிப்பதற்குள் ரிக்‌ஷா மணி கேட்டது. அப்பா அதுவரை கல்லூரி வாசலுக்கு வந்ததே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏறும்மா. தாம்பரத்துல கல்லு வுட ஆரம்பிச்சிட்டானுங்க. ஸ்டாண்டுல ரெண்டு வண்டி எரிஞ்சிபோச்சு."

"அவர் போயிட்டார்னு யாரு நைனா சொன்னது?"

"உன் போர்டுல போட்டுகீதாமே."

"நான் ஒண்ணுமே எழுதலியே!"

"அதத்தான் சொல்றாங்க."

இரும்புலியூர் அருகே டயர் எரிந்துகொண்டிருந்தது. நாலு பேர் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின்.

"தலைவர் போன அன்னிக்கு சவாரி கேக்குதாடா உனக்கு?"

"சவாரி இல்லபா. என் பொண்ணு."

"பொண்ண எறக்கு. வண்டிய வுட்டுட்டு நட."

அப்பா இறங்கவில்லை. பிடியையும் விடவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய், இது காலேஜ் போர்டு எழுதற பொண்ணுடா."

டின் வைத்திருந்தவன் என் பக்கம் வந்தான். அழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைவிட வயதில் மூத்தவன்.

"அக்கா, நீ சொல்லுக்கா. தலைவர் கீறாரா, இல்லியா?"

வானொலி எதுவும் சொல்லவில்லை. உறுதியாக யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்தேன்.

"இருக்காரு" என்றேன். "ரேடியோல சொன்னாங்க. காலைல கஞ்சி குடிச்சாராம்."

"கஞ்சி குடிச்சாராம்டா!" என்று கத்திக்கொண்டே ஒருவனை ஒருவன் கட்டிக்கொண்டார்கள். இருவர் தாம்பரம் பக்கம் சேதி சொல்ல சைக்கிளில் பறந்தார்கள். மற்றவர்கள் ரிக்‌ஷாவைத் தாங்களே டயரைத் தாண்டித் தள்ளிவிட்டார்கள். டின்காரன் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தான்.

"பீர்க்கன்கரணை ஏரிக்கர தானக்கா உங்க வூடு? ராத்திரி வர்றோம். நல்ல சேதி சொன்ன வாய்க்கு சக்கர போடணும்."

ஏரி தெரிந்தது. அப்பா திரும்பாமலே கேட்டார்: "மெய்யாலுமே கஞ்சி குடிச்சாரா?"

"நீ மிதி நைனா."

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. எதிர்வீட்டு வானொலியைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. செய்தி இன்னும் தொடங்கவில்லை. வழக்கமான பாட்டுகள் இல்லாமல் வெறும் வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. வழக்கமாகச் சுவரோடு சாத்தி நிறுத்தும் வண்டியை, சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, தங்கைகளுக்குச் செருப்பை மாட்டிவிடச் சொன்னார்.