நான் எழுதாமல் விட்ட அளவுகள்

கண்டியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் அதிகாரியாக இருந்த காலத்தில், நன்றாக வேலை செய்த ஒரு கருவியை நம்பத்தகாதது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தெரிந்தே செய்தேன். அந்தக் கருவியைச் செய்தவர் இன்றும் பல்லேகலயில் தன் தொழிற்கூடத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் எழுத வேண்டும்.

கருவி ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவு இருக்கும். மேலே ஒரு பித்தளைக் கிண்ணம், பக்கத்தில் அளவு காட்டும் முள். வாட்டிய தேயிலைக் கொழுந்தைக் கிண்ணத்தில் போட்டு மூடியை அழுத்தினால், அதில் எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்று முள் சொல்லும். அதுவரை தொழிற்சாலைகளில் கொழுந்தை உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்துத்தான் வாட்டம் போதுமா என்று தீர்மானித்தார்கள். அப்படி இறுக்கிப் பார்க்கும் தொழிலாளி ஒருவரின் மகன்தான் இவர். உயர்தர வகுப்பு வரை படித்தவர், கண்டி நகரத்தில் ரேடியோ திருத்திப் பிழைத்தவர். முதல் கருவியைப் பழைய ரேடியோக்களின் உறுப்புகளைக் கொண்டே செய்திருந்தார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். "அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா கை சுடும் ஐயா. எந்தக் கொழுந்தும் அவருக்கு ஈரமாத்தான் தெரியும். அன்னைக்குத் தூளு பாழு" என்றார். எல்லோரும் அவரை மீற்றர் முதலாளி என்று அழைத்தார்கள். அப்போது அவரிடம் இருந்தது ஒரு தகரக் கொட்டகையும் தோட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த ஆறு இளம் பெண்களும்தான்.

எங்கள் அறிக்கை இருந்தால்தான் தோட்ட நிர்வாகங்கள் கருவியை வாங்கும். ஒப்படைக்கும்போது அவர் ஒன்று சொன்னார்: "குளிரான எடத்துல வச்சிருந்தா, எடுத்த ஒடனே பாக்காதீங்க. மூடியத் திறந்து அரை மணித்தியாலம் சும்மா வையுங்க. இல்லாட்டி கிண்ணத்துல பனி பிடிச்சுரும்." நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் ஒடுங்கும் என்பதை ஒரு ரேடியோக் கடைக்காரர் எனக்குச் சொல்லித்தருவதா என்று மனம் கொதித்தது. கருவியை இரவு முழுவதும் குளிரறையில் வைத்தேன். காலையில் எடுத்த கையோடு அளந்தேன். பத்து அளவுகளில் ஏழு பிழையாக வந்தன. மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போய், தேநீர் குடித்து வந்து மறுபடி அளந்தேன். பத்தும் சரியாக இருந்தன. அந்தப் பத்தையும் அறிக்கையில் நான் சேர்க்கவில்லை.

கருவியைக் கேட்டிருந்த தோட்டங்கள் எல்லாம் பின்வாங்கின. கொட்டகை மூடப்பட்டது, ஆறு பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். என்னை அவர் சந்தேகப்படவே இல்லை என்பதுதான் நான் எதிர்பாராதது. அச்சில் வந்த என் அறிக்கையை நம்பினார். இல்லாத பிழையைத் தன் கருவிக்குள் இரண்டு வருடம் தேடினார். கடைசியில் பனி பிடிக்கவே முடியாதபடி கிண்ணத்தின் அடியில் சின்னச் சூடாக்கி ஒன்றைப் பொருத்தி மறுபடி கொண்டுவந்தார். அதைச் சோதித்தது வேறொரு அதிகாரி. அதற்குப் பிறகு நெல்லுக்கு, மிளகுக்கு, கோப்பிக் கொட்டைக்கு என்று அவருடைய மீற்றர்கள் நாடெங்கும் போயின.

சம்பாதித்ததைத் தோட்டப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களுக்குச் செலவிட்டார். தராசும் நுணுக்குக்காட்டியும் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைப்பார்: அலுமாரிக்குப் பூட்டு இருக்கக் கூடாது. எங்கள் பாடசாலைகளில் இப்படியான பொருட்கள் கண்ணாடிக்குள் இருந்து, கல்வி அதிகாரி வரும் நாளில் மட்டும் தூசி தட்டப்படும். "ஒடைஞ்சா சொல்லுங்க, வேற தாறேன். பூட்டுனீங்கன்னா வந்து திருப்பி எடுத்துக்குவேன்" என்று அதிபர்களின் முகத்துக்கு நேரே சொல்வார். ஒரு பாடசாலையில் உண்மையாகவே எடுத்துக்கொண்டும் போனார்.

அப்படியொரு ஆய்வுகூடத் திறப்புக்கு என்னைப் பிரதம விருந்தினராக அழைத்தார். "இந்த ஐயா என் மீற்றர் சரியில்லன்னு நேர்மையா எழுதுனாரு. அதனாலதான் நான் திருந்துனேன்" என்று ஒலிவாங்கியில் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றாமல் இருந்தேன். அதன் பிறகும் பல வருடங்கள் பேசாமல்தான் இருந்தேன்.

போன வருடம், மனைவி இறந்து அம்பிட்டிய வீட்டில் தனியானபின், பழைய பரிசோதனைக்கூடத்துக்கு நடந்ததை எழுதினேன். அந்தக் காலத்துக் கோப்புகள் இப்போது இல்லை என்று பதில் வந்தது. பல்லேகலவுக்கு நேரே போனேன்.

"நீங்கள் தேடின பிழை உங்கட கருவியில இருக்கேல்ல. சரியா வந்த அளவுகளை நான்தான் மறைச்சனான்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டு வருஷம் ஐயா. 'நீங்க கட்டுனது என்னையா, இந்த டப்பாவையா'ன்னு பொண்டாட்டி கேட்டா." சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "எனக்கு இருக்கட்டும். ஈயம் பத்தவச்ச பிள்ள ஒருத்தி இருந்தா. ஒன் பத்தவைப்புதான் சரியில்லன்னு நான் அவளை ஏசிட்டேன். மறுபடி தொறந்தப்ப மத்தவங்க வந்தாங்க, அவ வரல. வாங்க, போவோம்" என்றார்.

தெல்தெனியக் கடைத்தெருவில் அந்தப் பெண் இப்போது தையற்கடை வைத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தையல் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப என் பத்தவைப்பு?"

"அதுல ஒரு பிழையும் இல்லை, அம்மா."

"தப்பு என்னுதும்தான்மா" என்றார் முதலாளி, கடை வாசலில் நின்றபடியே.

"முப்பது வருஷத்துக்கு அப்புறமா வந்து சொல்றீங்க மொதலாளி? எங்க வீட்டுல பிளேண்டித் தேத்தண்ணி ஆறிப்போனாக்கூட, 'நீ பத்தவச்ச லட்சணம் தெரியாதா'ன்னுதான் கேப்பாரு என் வீட்டுக்காரரு." பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "எழுதித் தாங்க. சிங்களத்துலயும் எழுதுங்க, மருமகன் சிங்களம்."

தமிழில் முதலில் எழுதினேன். அவருடைய பெயரைக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. எடுத்து வாசித்தவர் தலையை ஆட்டினார்.

"'பிழை இல்லை'ன்னா போதாது ஐயா. நல்லா இருந்துச்சுன்னு போடுங்க."

என் உத்தியோகக் காலம் முழுவதும் எந்த அறிக்கையிலும் அப்படியொரு சொல்லை நான் எழுதியதில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: இவருடைய பற்றவைப்பு மிகவும் நன்றாக இருந்தது. சிங்களத்திலும் அதையே எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன்.

"சீல் இல்லையா?" என்றார்.

ஓய்வுபெற்றவனிடம் ஏது சீல்? முதலாளி தன் வான் வண்டிக்குப் போய்த் தொழிற்கூடத்தின் சீலை எடுத்துவந்தார். அதன்மேல் வாயால் ஊதி ஈரப்படுத்தி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினார். அந்த அம்மா மை காயும்வரை தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.